எந்த ஆண்டின் வாசல்?

பாயான் பாருவில் பழைய வாசல் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு 1970களில் வேலைக்கு வந்து குவிந்த மக்களுக்காகப் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் எழுப்பிய புதுநகர் இது. இங்கே வாசலில் ஏதாவது பழுது என்றால் கிரில் பட்டறைக்காரருக்கு ஒரு போன் போட்டால் போதும். பழையதை அறுத்தெடுத்துவிட்டு மறுநாளே புதியதைப் பொருத்திவிட்டுப் போவார். எந்த ஆண்டின் வாசலை வைக்கட்டும் என்று அவர் கேட்க மாட்டார். நமக்கும் அப்படி ஒரு கேள்வி தோன்றாது.

பேருந்து ஏறி ஜார்ஜ் டவுனுக்குப் போய், கொம்தார் பேருந்து நிலையத்தில் இறங்கிக் கடலை நோக்கி நடந்தால் ஃபார்குவார் தெருவில் அந்தக் கேள்வி வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அதுதான் புனித ஜார்ஜ் தேவாலயம். ஆங்கிலிக்கன் சபைக்கென்றே கட்டப்பட்டவற்றில் தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பழைய ஆலயம். பருத்த டோரிக் தூண்கள் தாங்கும் முகப்பு மண்டபம், அதற்குப் பின்னால் எட்டுப் பட்டையாக எழும் கூர்கோபுரம், முன்புறப் புல்வெளியில் சின்னதாய் ஒரு வட்ட மண்டபம். சுற்றுலாப் பயணிகள் முதலில் படம் எடுப்பது முகப்பைத்தான். பலர் உள்ளே போவதே இல்லை.

படம் எடுப்பவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த முகப்பு ஒரே காலத்தது அல்ல. இதைக் கட்டத் தூண்டியவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலைத் தொடங்கியவரும் அவரே. கட்டி முடித்தது 1818இல். 1819 மே மாதம் கல்கத்தா பேராயர் தாமஸ் மிடில்டன் வந்து அர்ப்பணித்தார். இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள்தான் வேலையாட்கள். மாதிரியாக நின்றது சென்னையில் 1815இல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் பேராலயம். ஆகவே கூரையும் சென்னைப் பாணியில் தட்டையாகவே இருந்தது. நம் கொத்தனார்கள் கட்டைக்குத்து என்பார்களே, மரக்கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போடுவது, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் தீவில் தட்டைக் கூரை எத்தனை நாள் தாங்கும்? 1864இல் அதை எடுத்துவிட்டுச் சரிவுக் கூரை போட்டார்கள். பினாங்கில் கம்பெனிக் கொடி ஏறி நூறு ஆண்டு ஆனதற்காக 1886இல், அந்தக் கொடியை ஏற்றிய பிரான்சிஸ் லைட்டின் நினைவு மண்டபம் வாசலுக்கு நேர் எதிரே வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுவீச்சில் ஆலயம் சேதமடைந்தது, உள்ளே இருந்தவை கொள்ளை போயின. மறுபடி ஆராதனை நடந்தது 1948இல். 2007இல் மலேசிய அரசு இதைத் தேசியப் பாரம்பரியமாக அறிவித்தது. 2009இல் தொடங்கிய பெரிய சீரமைப்பு 2011 வரை நீண்டது.

இப்போது அந்த முகப்பைப் பழையபடி ஆக்குங்கள் என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பழையபடி? 1818க்குப் போவதென்றால் கூரையைக் கழற்ற வேண்டும். அப்போது 1886 மண்டபம் பார்வையை மறைக்கும் வேண்டாத விருந்தாளி ஆகிவிடும். 1864ஐப் பிடித்துக்கொண்டால் ‘ஏன் 1864?’ என்பதற்கு, மழை ஒழுகாது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. என்னைக் கேட்டால் அதைவிட நல்ல பதில் தேவையும் இல்லை.

பழைய ஆலயங்களின் முகப்பைச் சீரமைக்கும் விவாதம் உலகம் முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. புனித ஜார்ஜ் ஆலயத்தை வடிவமைத்த ராபர்ட் ஸ்மித்தின் கதையிலேயே அதற்கு ஒரு வேடிக்கையான பாடம் இருக்கிறது. வங்கப் பொறியாளர் படையைச் சேர்ந்த ஸ்மித் பினாங்கை விட்டு டில்லிக்குப் போனார். 1803 நிலநடுக்கத்தில் உச்சி இடிந்த குதுப் மினாரைச் செப்பனிடும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1828 வாக்கில் வேலையை முடித்தவர் சும்மா இருக்கவில்லை. உச்சியில் தன் கற்பனையில் ஒரு மண்டபத்தை வைத்துக் கட்டிவிட்டார். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1848இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ் உத்தரவிட்டு அதை இறக்க வைத்தார். இன்றைக்கும் அது அதே வளாகத்தில், புல்தரையில், ‘ஸ்மித்தின் அசட்டுத்தனம்’ என்ற பட்டப்பெயரோடு உட்கார்ந்திருக்கிறது. பினாங்கில் நல்ல முகப்பு ஒன்றைப் புதிதாகக் கட்டத் தெரிந்தவருக்கு, பழையதில் எந்த இடத்தில் கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு திறமைகள்.

மலாக்காவின் கிறைஸ்ட் தேவாலயத்தில் கதை வேறு மாதிரி. போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்த நூறாம் ஆண்டை ஒட்டி 1741இல் டச்சுக்காரர்கள் தொடங்கி 1753இல் முடித்த கட்டடம் அது. முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் நுழைவு மண்டபம் அவர்கள் வைத்ததல்ல. ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. அஞ்சலட்டைகளில் நாம் பார்த்துப் பழகிய சிவப்பும் டச்சுக்காரர்களுடையதல்ல. கட்டடம் வெள்ளையாகவே இருந்தது. 1911இல்தான் சிவப்பு பூசினார்கள். ‘டச்சு முகப்பை மீட்போம்’ என்று யாராவது கிளம்பினால் மண்டபத்தை இடித்துச் சிவப்பைச் சுரண்ட வேண்டியிருக்கும். மிஞ்சுவதை மலாக்காக்காரர்களே அடையாளம் காண மாட்டார்கள். பிழையாக வந்து சேர்ந்த ஒன்று நூறு ஆண்டு நிலைத்துவிட்டால் அதுவும் வரலாற்றில் சேர்த்திதான்.

பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். அதன் மேற்கு வாசல்களுக்கு மேலே வரிசையாக நிற்கும் 28 அரசர் சிலைகளைப் பிரெஞ்சு மன்னர்கள் என்று எண்ணிப் புரட்சிக்காரர்கள் 1793இல் தலை கொய்தார்கள். அவர்கள் பைபிளில் வரும் யூதா நாட்டு அரசர்கள். 19ஆம் நூற்றாண்டில் வியோலே லெ தூக் என்ற கட்டடக் கலைஞர் தலைமையில் சிலைகளைப் புதிதாகச் செதுக்கி வைத்தார்கள். 1977இல் பாரிசில் ஒரு வங்கியின் கட்டட வேலைக்கு மண் தோண்டியபோது 21 பழைய தலைகள் வெளிவந்தன. கீழே இருப்பது 13ஆம் நூற்றாண்டு, மேலே நிற்பது 19ஆம் நூற்றாண்டு. யாரும் புதியவற்றை இறக்கிவிட்டுப் பழையவற்றை ஏற்றவில்லை. தலைகள் க்ளூனி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, சிலைகள் வாசலில் நிற்கின்றன.

அந்த வியோலே லெ தூக்கின் கொள்கை துணிச்சலானது. ஒரு கட்டடத்தை, அது எந்தக் காலத்திலும் இருந்திராத முழுமைக்குக்கூடக் கொண்டுவரலாம் என்பது அவர் கட்சி. இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் இதற்கு நேர் எதிர். மீட்டமைப்பு என்பதே பொய், பராமரிப்பு மட்டுமே நேர்மை என்றார். அவர் வழியில் வந்த வில்லியம் மோரிஸ், பழைய ஆலயங்களின் பூச்சைச் சுரண்டித் தள்ளுவதைத் தடுக்கவென்றே 1877இல் ஒரு சங்கம் தொடங்கினார். இரு தரப்பும் மோதி ஓய்ந்து, 1964இல் வெனிஸ் சாசனமாக ஓரளவு சமரசத்துக்கு வந்தார்கள். எல்லாக் காலத்துச் சேர்க்கைகளையும் மதிக்க வேண்டும், புதிதாக வைப்பது இன்னதென்று அடையாளம் தெரிய வேண்டும், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும் என்பவை அதன் சாரம். இந்த மூன்றில் மூன்றாவதைக் கடைப்பிடிப்பதுதான் கடினம். முகப்பு என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் ஊகம் ஊற்றெடுக்கும்.

ஆண்டைப் பற்றிய விவாதத்தை இத்தோடு விடுகிறேன். அது அறிஞர்களுக்குப் பிடித்தது. ஆலய வாசலைக் கெடுப்பது தத்துவம் அல்ல, தண்ணீர். அதைவிட அதிகமாகக் கெடுப்பது அந்தத் தண்ணீரை நிறுத்துவதாக நினைத்து நாம் பூசும் சிமெண்ட்.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல். ஆக, 1818இல் எழுந்த சுவர் ஒன்றில் சிமெண்ட் இருந்தால் அது பின்னால் வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அதற்கு முன்னே இங்கெல்லாம் சுண்ணாம்புதான். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் சுட்டு, நீர் ஊற்றி நீற்றி, ஊற வைத்து அரைத்துப் பூசுவார்கள். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இழுத்து மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது. இறுகிய பிறகும் அதில் நுண்துளைகள் இருக்கும். தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்தத் துளைகள் வழியே வெளியே போய்விடும். சுவர் நனையும், காயும், மறுபடி நனையும். மழைநாட்டுச் சுவர் பிழைத்திருப்பது இப்படித்தான்.

இதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியேறும் வழி அடைபடுகிறது. அது பூச்சுக்குப் பின்னாலேயே மேலே ஏறி, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே உப்பாகப் பூக்கிறது. உப்புப் படிகம் வளரும்போது செங்கல்லின் முகத்தையே தள்ளி உடைக்கும். கடலோர ஊர் என்றால் உப்புக்குப் பஞ்சமே இல்லை. வாசல் பக்கம் இது இன்னும் மோசம். தூணடியும் நிலையோரமும் மழைச்சாரல் படும் இடங்கள். கழுவி விடுவதும் அங்கேதான், குடை உதறுவதும் அங்கேதான். போதாததற்குத் தெருவுக்கு மேல் தெரு போட்டுத் தார்மட்டம் உயர்ந்துகொண்டே போகும். ஒரு காலத்தில் ஏறிப் போன படிகள் குறைந்து குறைந்து, கடைசியில் தெருத் தண்ணீர் வாசலுக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிடும்.

ஒருமுறை, பெயர் வேண்டாம், பெருநிலத்துப் பக்கம் தோட்டப்புறத்தில் ஒரு சின்னக் கோயிலுக்குத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். வாசலில் இடுப்பளவுக்குப் பளபளவென்று டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். யாரோ நேர்ச்சையாகச் செய்து கொடுத்தது. நன்றாகத்தான் இருந்தது. டைல்ஸ் முடிகிற கோட்டுக்குச் சற்று மேலே சுவரைத் தொட்டேன். பெயிண்ட் ஒரு தோலாக உப்பியிருந்தது. விரலை வைத்து அழுத்தினேன். உள்ளே சுவர் இல்லை, ஈர மாவு இருந்தது. வெள்ளையும் செம்மண்ணுமாக விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. நாக்கில் வைத்தால் உவர்க்கும் என்று பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர், அந்தக் காலத்தில் கொத்து வேலை பார்த்தவராம், “தொடாதீங்க தம்பி, பெருநாள் அன்னைக்குக் கொட்டிறப் போவுது” என்றார். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை டைல்ஸ் கோடு ஒரு வரிசை மேலே ஏறிக்கொண்டே இருக்கிறதாம். ஈரம் துரத்துகிறது, டைல்ஸ் ஓடுகிறது. “முன்னெல்லாம் வெள்ளையடிச்சோம். உதிரும், திரும்ப அடிப்போம். செவுரு நல்லா இருந்துச்சு” என்றார். பாதுகாப்பு நிபுணர்கள் பல பக்கங்களில் எழுதுவதை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

சுண்ணாம்பில் நம் ஆட்களின் கைத்திறம் கடல் கடந்து வந்த ஒன்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். சிங்கப்பூர் புனித அந்திரேயா பேராலயத்தை 1856 முதல் 1861 வரை கட்டியவர்களும் இந்தியக் கைதிகளே. மேற்பார்த்தவர் ரொனால்ட் மக்பெர்சன். அதன் உட்சுவர்ப் பூச்சு எப்படிச் செய்யப்பட்டது என்பதைக் கைதிகளின் கண்காணிப்பாளராக இருந்த மக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில் பதிந்து வைத்திருக்கிறார். மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லம் ஆகியவற்றைக் கூழாகப் பிசைந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுப் பூசி, காய்ந்த பின் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்களாம். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே ‘மெட்ராஸ் சுணாம்’. நம் ‘சுண்ணம்’ என்ற சொல்லின் உறவு அது. தமிழ்நாட்டில் இதோடு கடுக்காய் நீரும் சேர்ப்பார்கள், சில இடங்களில் தயிரும். பேராலயத்தின் வரலாற்றில் பெயரோடு நிற்பவர்கள் பேராயர்களும் ஆளுநர்களும். பூச்சில் கைரேகை வைத்தவர்கள் காலில் சங்கிலி கிடந்தவர்கள்.

பினாங்குக்கும் அந்தச் சங்கிலி நீண்டது. மருது சகோதரர்கள் 1801இல் தூக்கிலிடப்பட்ட பிறகு, 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து 70க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றி, அன்று வேல்ஸ் இளவரசர் தீவு என்று அழைக்கப்பட்ட இந்தத் தீவுக்கு அனுப்பினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் அவர்களில் ஒருவர். புனித ஜார்ஜ் ஆலயம் எழுந்தது அதற்குப் பதினாறு ஆண்டு கழித்து. ஆகவே இரண்டுக்கும் நேராக முடிச்சுப் போட நான் துணிய மாட்டேன். ஆனால் இந்தத் தீவின் பழைய சாலை, பாலம், ஆலயம் எதைத் தொட்டாலும் அந்த வகைக் கைகள் பட்டிருக்கின்றன. சீரமைப்பு அறிக்கைகளில் வடிவமைத்தவர் பெயர் வருகிறது; சுண்ணாம்பு அரைத்தவர்கள் ‘கைதித் தொழிலாளர்’ என்ற ஒரே சொல்லில் முடிந்துபோகிறார்கள். முகப்பைச் சீரமைக்கும்போது அங்கே வைக்கும் விளக்கப் பலகையையும் சீரமைத்தால் நல்லது.

கதவு என்று வந்தால் வேறு சிக்கல்கள். ஆலயத்தின் பெரிய கதவுகள் அன்றாடம் திறந்து மூடுபவை. அருங்காட்சியகப் பொருள் போல அவற்றுக்கு ஓய்வு கிடையாது. கரையான் கீழிருந்து ஏறும், நிலையின் அடிப்பாகம்தான் முதலில் மக்கும். அனுபவமுள்ள தச்சர் மக்கிய அடியை மட்டும் அறுத்தெடுத்து, அதே வகை மரத்தில், இங்கே என்றால் செங்கால், துண்டு வைத்து இழைத்துச் சேர்ப்பார். ஒட்டு தெரியும். தெரியட்டும். முழுக்கதவையும் மாற்றிப் பழையதைப் போலவே செதுக்கி வைப்பது பார்க்க அழகாக இருக்கும், செலவும் கைமீறும், இருநூறு ஆண்டுப் பழைய மரமும் விறகுக்குப் போய்விடும். இதில் சிக்கனக்காரரும் பாதுகாப்புக்காரரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள் என்பது அபூர்வமான அதிர்ஷ்டம்.

படிகள் விஷயத்தில் நான் பாதுகாப்புக்காரர்களோடு ஒத்துப்போவதில்லை. பழைய படிக்கட்டில் சாய்தளம் வைத்தால் முகப்பின் சமச்சீர் கெடும் என்று தயங்குகிறவர்கள் உண்டு. ஆலயத்துக்கு வருகிறவர்களில் பெரும்பங்கு முதியவர்கள். சக்கர நாற்காலியில் வரும் பாட்டியைப் பக்கவாட்டுக் கதவு வழியே, பூந்தொட்டிகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போவதைவிட, முகப்பில் எடுத்துவிடக்கூடிய மரச் சாய்தளம் ஒன்று இருப்பதில் எந்தச் சாசனமும் கெட்டுவிடாது. பிற்பாடு சேதமின்றி நீக்கக்கூடியதாக இருந்தால் சரி என்றுதான் பாதுகாப்புத் துறையின் நெறியே சொல்கிறது. சாய்தளத்துக்கு அது தாராளமாகப் பொருந்தும்.

வாசல் ஆலயத்தின் பாதி வழிபாடு நடக்கும் இடம் என்பதை மறந்துவிட்டு வரைபடம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மணமக்களைக் குருவானவர் எதிர்கொள்வது வாசலில். சவப்பெட்டிக்குத் தீர்த்தம் தெளிப்பது வாசலில். புது ஆலயத்தை அர்ப்பணிக்க வரும் ஆங்கிலிக்கன் பேராயர் கோலால் கதவைத் தட்டுவது வழக்கம். குருத்து ஞாயிறன்று பவனி வந்து கூடுவது வாசலுக்கு முன். புனித ஜார்ஜ் ஆலயத்தில் நடந்த முதல் திருமணம் 1818இல், அன்றைய ஆளுநர் பானர்மனின் மகள் ஜேனட்டுக்கும் கம்பெனி அதிகாரி பிலிப்ஸுக்கும். அன்று அந்த முகப்பு புத்தம் புதியது. இருநூறு ஆண்டுகளாக மணமக்கள் ஏறி இறங்கித் தேய்ந்த படி என்றால் அதன் குழிவைச் சரிசெய்வது குற்றம் என்றே நான் நினைக்கிறேன். நடக்கிறவர் வழுக்கி விழாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

ஃபார்குவார் தெருவிலேயே சில நிமிட நடையில் கத்தோலிக்கரின் விண்ணேற்பு அன்னை ஆலயம். கெடாவிலிருந்து வந்த யூரேசியக் கத்தோலிக்கர் 1786இல் தொடங்கிய பங்கு. இப்போதுள்ள இரட்டைக் கோபுரக் கட்டடம் 1861இல் முடிந்தது. கூட்டம் பெருகவே 1928இல் இருபக்கமும் சிறகுகளை நீட்டினார்கள். 1955இல் பினாங்கு மறைமாவட்டத்தின் பேராலயம் ஆனது. 2003இல் அந்தப் பதவி கிரீன் லேன் தூய ஆவி ஆலயத்துக்குப் போயிற்று. பதவி போனது கட்டடத்துக்கு நல்லதாகப் போயிற்றோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பேராலயமாகவே இருந்திருந்தால் இன்னும் இரண்டு சிறகு முளைத்திருக்கும். 2010களின் பிற்பகுதியில் அதற்கும் சீரமைப்பு நடந்தது; 1916இல் இங்கிலாந்தில் செய்த குழல் இசைப்பெட்டி இன்னும் உள்ளேயே இருக்கிறது.

புனித ஜார்ஜ் நிற்கும் முனையிலிருந்து முன்பு பிட் தெரு என்றழைக்கப்பட்ட மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையில் நடந்தால் சீனரின் குவான் யின் கோயில், அடுத்து நம் மகா மாரியம்மன் கோயில், கடைசியில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நான்கு சமயங்களின் நான்கு வாசல்கள். இவற்றில் மாரியம்மன் கோயிலுக்கு மட்டும் புதுப்பித்தலுக்கென்று ஒரு நாட்கணக்கு மரபிலேயே இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு குடமுழுக்கு; கோபுரம் புது வண்ணம் பெறும். பாதுகாப்பு நிபுணருக்கு அந்தப் புது வண்ணம் பிடிக்காமல் போகலாம். ஆனால் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சாரம் கட்டி, ஆள் ஏறி, விரிசலைத் தொட்டுப் பார்க்கிற ஏற்பாடு அதில் இருக்கிறது. இங்குள்ள தேவாலயங்களுக்கு அப்படி ஒரு கடிகாரம் இல்லை. வெள்ளி விழா, பொன்விழா, நூற்றாண்டு விழா என்று ஏதாவது வந்தால்தான் சாரம் ஏறுகிறது. விழா வருகிறதென்றால் அவசரமும் வருகிறது.

விழா முகப்பின் எழுத்தையும் விடுவதில்லை. தமிழ்நாட்டில், தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு 1718இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக்கின் முத்திரை எழுத்து இருக்கிறது. சுதைவேலை. இப்படிப்பட்ட எழுத்துகளின்மேல் ஒவ்வொரு விழாவுக்கும் பெயிண்ட் ஏறும்போது விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். சுண்ணாம்பு வெள்ளை என்றால் மழையில் கொஞ்சம் கழுவிப் போய்விடும். அக்ரிலிக் போகாது, படிந்துகொண்டே வரும். சில தலைமுறையில் எழுத்து வீங்கிய கொழுக்கட்டை ஆகிவிடும். யாரும் கெடுக்கவில்லை, எல்லோரும் அலங்கரித்தார்கள்.

சட்டப் பாதுகாப்பு ஓரளவுக்குத்தான் எட்டும். 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் இருக்கிறது. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2011இல் பினாங்கு மாநிலம் தனக்கென்று ஒரு பாரம்பரியச் சட்டம் இயற்றியது. எல்லைக்கோட்டுக்கு உள்ளே முகப்பில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். கோட்டுக்கு வெளியே புலாவ் தீக்குஸில் இருக்கிறது அமல உற்பவ அன்னை பங்கு, 1811இல் தாய்லாந்தின் புக்கெட் பக்கமிருந்து வந்த யூரேசியரின் பங்கு அது. மலைக்கு அந்தப் பக்கம் பாலேக் பூலாவ்வில் 1854ஆம் ஆண்டின் ஆலயம். இன்னும் தோட்டப்புறங்களில் எத்தனையோ தமிழ்த் தேவாலயங்கள். இவற்றின் வாசலைக் காப்பது சட்டம் அல்ல, பங்குப் பேரவையின் ஒரு மாலைக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் முதலில் பேசுகிறவர் குத்தகைக்காரரைத் தெரிந்தவராக இருப்பார். கடைசியில் பேசுகிறவர் நன்கொடையாளர் பெயர்ப்பலகையின் அளவைப் பற்றிப் பேசுவார். சுவரைப் பற்றிப் பேச ஒருவரும் இருக்க மாட்டார்.

சுண்ணாம்பைத் திரும்பக் கொண்டுவருவதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. சிமெண்டை உரிக்கும்போது செங்கல்லின் தோலும் கூடவே வரும். ஆகவே கை உளியில், ஒரு சாண் ஒரு சாணாக எடுக்க வேண்டும். உப்பை உறிஞ்ச ஈரக் காகிதக் கூழையோ களிமண்ணையோ அப்பி, காய விட்டு, எடுத்து, மறுபடி அப்ப வேண்டும். சுவருக்குள் ரசாயனம் செலுத்தி ஈரத்தை மறிக்கும் முறையும் இங்கே புழக்கத்தில் இருக்கிறது. தடித்த பழைய செங்கல் சுவரில் அது எல்லா இடத்திலும் சீராகப் பரவும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. முதலில் தரை மட்டத்தைத் தாழ்த்தி, வடிகாலைச் சரிசெய்து, கூரை ஓடும் மழைநீர்ப் பீலியும் ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் பாதி நோய் மருந்தில்லாமலே போகும். பிறகு மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், ஈரத்துணி போட்டுக் காத்திருப்பு. வெயிலில் அவசரமாகக் காய்ந்தால் பொரிந்துவிடும். இதைக் கேட்கும் குத்தகைக்காரர், ஐயா, பெருநாளுக்கு முடியாது என்பார். அவர் சொல்வது உண்மைதான்.

எனவே பங்குப் பேரவைகளுக்கும் சபைக் குழுக்களுக்கும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முகப்பு வேலையைத் திருவிழாத் தேதியோடு முடிச்சுப் போடாதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் தூணடியில் யாருக்கும் தெரியாத ஒரு மூலையில், ஒரு முழச் சதுரத்துக்கு மட்டும், பழைய பூச்சை எடுத்துச் சுண்ணாம்பு பூசிப் பாருங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அதை அப்படியே விடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று கொட்டித் தீர்த்து ஓய்ந்த பிறகு போய்க் கையை வைத்துப் பாருங்கள். டைல்ஸ் நேர்ச்சை வைத்திருப்பவர் யாராவது இருந்தால், அவரைப் பீலிக்கும் வடிகாலுக்கும் பணம் கட்டச் சொல்லுங்கள். பெயரைப் பெரிதாகவே போட்டுக்கொள்ளட்டும்.